எனக்குச் சாக்கர் வந்த குளிர்காலம்

போன குளிர்காலத்தில் எனக்குச் சர்க்கரை முற்றிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளிவாசல் கீழ்த்தளத்தில் சேர்ந்து உட்கார்ந்து பேசும் நீங்களே என்ன செய்தீர்கள்? அல்வாத் தட்டு என் பக்கம் வந்ததும் சத்தமில்லாமல் அடுத்தவர் மடிக்கு நகர்த்தினீர்கள். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. எனக்கு வந்தது சாக்கர்.

எல்லாம் என் மகள் செய்த வேலை. ஊருக்குப் போன் போட்டு, என் காக்காவின் மனைவியிடம் இப்படிப் பேசியிருக்கிறாள்:

"மாமி, உம்மாவுக்கு இப்ப ஒரே சாக்கர்தான். முன்னாடி லேசா இருந்துச்சு. இந்த விண்டர்ல ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு."

"அல்லாவே! டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"டாக்டர் எதுக்கு மாமி? சனி ஞாயிறு ஆனா வீட்ல உட்கார முடியல அவங்களால. நாங்க சொன்னா கேட்டாத்தானே!"

காக்கா மனைவிக்குக் காது கொஞ்சம் மந்தம். சாக்கர் என்பது அவர் காதில் சக்கரையாக விழுந்துவிட்டது. அடுத்த வாரம் நெவார்க் ஏர்போர்ட்டில் வந்து இறங்கிய உறவுக்காரர் ஒருவர் கையில் நாவல் கொட்டைப் பொடியும் வெந்தயமும் வந்து சேர்ந்தன. அவ்வளவு தூரம் சுமந்து வந்தவர் முகத்துக்காக அவர் எதிரிலேயே ஒரு டம்ளர் கரைத்துக் குடித்தேன். அந்தக் கசப்பு மூன்று வேளைச் சோற்றுக்கும் போகவில்லை.

பந்துக்காக எனக்கு நோய் என்று பெயர் வந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எனக்கு வயது பத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜெர்சி சிட்டியில் எங்கள் வீடு நாலாவது மாடி. அடுப்படி ஜன்னலுக்குக் கீழே ஒரு மைதானம். புல் இல்லை, புல் மாதிரி பச்சைப் பிளாஸ்டிக். என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு மகளோடு வந்து இருக்கிறேன். பகலில் மருமகன் ரயில் ஏறி நியூயார்க் போய்விடுவார். மகள் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருப்பாள். பேத்தி ஸ்கூலில். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு ஜன்னலில் நிற்பேன்.

அப்படி நின்ற ஒரு சாயங்காலம் ஆரஞ்சுச் சட்டைக்காரர்களைப் பார்த்தேன். தொப்பை வைத்தவர், தலை நரைத்தவர், வேலைக்குப் போன பூட்ஸோடு ஓடி வந்து வேலியோரம் கால்சட்டை மாற்றுகிறவர் என்று பலவிதம். ஒருவர் உதைத்த பந்து வேலி தாண்டி யாரோ ஒருவர் கார் மேல் விழும். கார் கூவும். எல்லாரும் அந்தக் காரைப் பார்த்துக் கும்பிடுவது போல் கை தூக்குவார்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது. வெங்காயக் கண்ணீரும் சேர்ந்து வழியும்.

மருமகனிடம் கேட்டேன்.

"அவங்களா மாமி? ரொம்பக் கீழ் லீக். அதுலயும் கடைசி டிவிஷன். டிவிஷன்லயும் கடைசி டீம்."

"அதுக்குக் கீழே?"

"அதுக்குக் கீழ பார்க்கிங் லாட்தான்."

ஆனாலும் நல்ல மனுஷன். மாமிக்கு ஃபுட்பால் பிடிக்கும் போலிருக்கிறது என்று அந்த வாரமே டீவியில் போட்டுவிட்டார். தலையில் பானை மாதிரி எதையோ கவிழ்த்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து விழுந்தார்கள். தேங்காய் திருடிக்கொண்டு ஓடுகிறவனை ஊரே துரத்துகிற மாதிரி இருந்தது. காலால் ஒருத்தரும் தொடவில்லை. "இது ஃபுட்பால் இல்ல வாப்பா, கைப்பால்" என்றேன். பேத்தி சோபாவில் உருண்டாள்.

"உம்மம்மா, யூ மீன் சாக்கர்! இங்க அதுக்கு சாக்கர்னு பேர்."

அப்படித்தான் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

எங்கள் ஊர் கடலோரம். அங்கே பந்து என்றால் ஆண்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு மைதானம் கிடையாது. நான் அஞ்சாம் வகுப்பு முடித்ததும் படிப்பை நிறுத்தி வீட்டில் இருத்திவிட்டார்கள். அந்த வருஷம் மழை விட்ட பிறகு நடந்த போட்டியில் எங்கள் தெரு கிளப்புக்குக் காக்காதான் கோல் காக்கிற கோலி. உங்களில் சென்னைக்காரர்கள் சிரித்தது போதும். எங்கள் பக்கம் காக்கா என்றால் பறவை இல்லை, கூடப் பிறந்த அண்ணன்.

பந்து எங்கள் வீட்டில்தான் இருக்கும். இப்போதுள்ள பந்து மாதிரி இல்லை. தோல் உறை தனி, உள்ளே ரப்பர் பிளாடர் தனி. பிளாடரின் வாலை வாயில் வைத்து ஊதுவது என் வேலை. ரப்பரும் உப்பும் கலந்த ஒரு ருசி. ஊதி முடித்ததும் வாலை மடித்து நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, காக்கா நூலால் கட்டி, உள்ளே தள்ளி, வளைந்த ஊசியால் தோல் வாரைக் கோர்த்து இழுப்பார். பிறகு தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்போம். அந்த வளைந்த ஊசி எங்கே போனதோ தெரியாது. அதை எடுத்து உம்மா பாய் தைத்ததாக ஒரு ஞாபகம்.

நான் ஊதிய மூச்சு மைதானத்தில் உருளும். நான் மாடியில் இருப்பேன். எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் காற்றுக்கு விட்ட ஓட்டைகள் உண்டு. மைதானம் வீட்டுக்குக் கிழக்கே. நடுவில் ஒரு வேப்பமரம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஓட்டை வழியாக எனக்குத் தெரிவது ஒரு கோல் கம்பமும் காக்காவின் முதுகும் மட்டும். மிச்சமெல்லாம் சத்தம். எங்கள் ஆள் கோல் போட்டால் சத்தம் ஏறி ஏறிப் போகும். எதிராளி போட்டால் திடீரென்று எல்லாம் அடங்கி, யாரோ ஒரு பெரியவர் திட்டுவது மட்டும் கேட்கும். முதுகையும் சத்தத்தையும் வைத்து ஒரு போட்டி முழுவதையும் நான் பார்த்துவிடுவேன்.

எப்போதும் முதல் சுற்றில் தோற்கிற எங்கள் கிளப் அந்த வருஷம் கடைசி ஆட்டம் வரை போய்விட்டது. கோல் எதுவும் விழாத ஆட்டம். பொழுது சாயும் நேரம். இடது பக்கம் ஒரு இரைச்சல் கிளம்பி வருகிறது, காக்காவின் முதுகு வலது பக்கமே சாய்ந்து நிற்கிறது. என்னையறியாமல் "காக்கா!" என்று கத்திவிட்டேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

உம்மா ஓடி வந்து வாயைப் பொத்தினாள். அவள் கை ஓட்டையையும் மறைத்துவிட்டது. மைதானம் அடங்கியது. பெரியவர் திட்டினார்.

"மஃரிப் நேரத்துல மாடியில நின்னு காக்கா காக்கான்னு அலறுறா. புள்ளைக்கு என்னமோ புடிச்சிட்டு!" என்றாள் உம்மா. வாப்பா பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டி வந்தார். ஓதி, முகத்தில் ஊதி, ஒரு சொம்புத் தண்ணீர் தந்தார்கள். பந்துக்காகக் கத்தினேன் என்று சொன்னால் அடி விழும் என்பதால் பயந்தவள் மாதிரியே படுத்துக் குடித்தேன். பல நாள் குடித்தேன். உம்மா தலையைத் தடவிக்கொண்டே சொன்னது மறக்கவில்லை: "நல்ல வேளை, வெளியே ஒருத்தருக்கும் கேக்கல. கேட்டிருந்தா மாடிக் கதவுக்குப் பூட்டுதான்."

காக்கா வீட்டுக்கு வந்து சூரியன் கண்ணில் அடித்துவிட்டது என்றார். ஊரே சிரித்தது. "சூரியன் உன் முதுகுப் பக்கம்லடா இருந்துச்சு!" அன்றிலிருந்து அவர் பெயர் சூரியன். கடைக்குப் போனால் "வாங்க சூரியன், குடை வேணுமா?" என்பார்கள். கலியாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிறவர்கள் "சூரியன் வீட்டு ஆளுங்க வரலாம்" என்று கூப்பிட்டார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. காக்கா ஒரு நாளும் கோபப்பட்டதில்லை.

ஜெர்சி சிட்டிக்கு வருகிறேன். நவம்பர் கடைசியில் ஒரு காலை ஜன்னலைத் திறந்தால் மைதானத்தைக் காணோம். அந்த இடத்தில் பெரிய இட்லி ஒன்று உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கூடாரம், உள்ளே காற்றடைத்து நிற்கிறது. குளிர்காலப் போட்டியை அதற்குள் ஏழு பேர் ஏழு பேராக ஆடுவார்களாம். ஆரஞ்சுச் சட்டைகள் இட்லிக்குள் போய்விட்டன. பந்து படுகிற தொம் தொம் சத்தம் மட்டும் நாலு மாடி ஏறி வந்தது.

இரண்டு வாரம் ஜன்னலில் நின்று காதைக் கொடுத்துப் பார்த்தேன். பத்து வயதில் ஓட்டையாவது இருந்தது. எழுபது தாண்டியும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பதா என்று ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை மகளுடைய நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முக்காட்டை இறுக்கி, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"உம்மம்மா, ஆர் யூ ஷூர்?"

"பேசாம வா."

கூடாரத்துக்குச் சுற்றுகிற கதவு. உள்ளே இருக்கிற காற்று ஆளைத் தள்ளும். நான் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி பனியிலேயே வந்து நின்றேன். இரண்டாவது தடவையும் அப்படியே. அப்போது உள்ளிருந்து ஒரு கை வந்து என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தது. "மாமி! வெங்கா, மாமி!" என்றது குரல். எங்கள் மருமகனைத் தவிர இந்த நாட்டில் என்னை மாமி என்று கூப்பிட ஆள் ஏது என்று திகைத்துப் போனேன்.

அவர் மூலைக் கடை லாண்டரியை நடத்துகிற ஸ்பானிஷ் அம்மா. அவர்கள் பாஷையில் வெங்கா என்றால் வாங்க; பிரியமான பெண்களை மாமி என்பார்களாம். நானும் அவரை மாமி என்றே கூப்பிட்டேன். ஆளுக்கு ஆள் மாமி. அதற்கு மேல் எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஒரே ஒரு சொல், கோல். அவர் அதை ஒரு மூச்சு முடிகிற வரை இழுப்பார்.

ஓரத்துப் பெஞ்சுகளில் ஆண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கூச்சம். கோல் வலைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் புல்லில் தூவிய ரப்பர்த் துகள் வாசனை. பிளாடர் ஊதிய ருசி அப்படியே நாக்குக்கு வந்தது. எனக்கு முன்னால் கோலியின் முதுகு. அந்தக் கோலி லாண்டரி மாமியின் மகன், நாற்பது வயசு ஆள். முதுகைப் பார்த்து ஆட்டம் பார்ப்பது எனக்குப் பழக்கம்தானே. பாதியில் பக்கம் மாறினால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நானும் மாறுவேன். பேத்தி தலையில் அடித்துக்கொள்வாள்.

தோற்றார்கள். அடுத்த வாரமும் தோற்றார்கள். கையுறை போட்டுக்கொண்டு கை தட்டினால் சத்தம் வராது என்பதைக் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டுத் தட்டினேன். பனி கொட்டிய ஒரு வாரம் எதிர் அணிக்காரர்களே வழி தெரியாமல் தாமதமாக வந்து, குளிரில் விறைத்துப்போய் ஆடியதில் நம் ஆட்கள் ஜெயித்தே விட்டார்கள். அன்றைக்கு நான் இஞ்சித் தேநீர் பிளாஸ்க்கும் எங்கள் ஊர்ப் பலகாரம் வாடாவும் கொண்டுபோயிருந்தேன். லாண்டரி மாமி வாடாவைக் கடித்துவிட்டு என் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டார். வெட்கத்தில் நான் முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன்.

மாசி மாதம் போல் விஷயம் தெரிய வந்தது. பேத்திக்கு ஸ்கூலில் ஸ்பானிஷ் பாடம் உண்டு. அவள் கேட்டுச் சொன்னாள்: கடைசி இடத்தில் முடித்தால் இந்த கிளப் லீக்கை விட்டே வெளியே. அந்த இடத்துக்கு வேறு அணி காத்திருக்கிறது. கடைசி ஆட்டத்தில் தோற்காமல் சமன் செய்தாலே போதும், தப்பித்துவிடலாம். கிளப்பை ஆரம்பித்தது லாண்டரி மாமியின் காலமான வீட்டுக்காரர். ஆரஞ்சுச் சட்டைகளை இத்தனை வருஷமாக வாரா வாரம் துவைத்து மடிப்பது இவர்.

"உம்மம்மா, ஷீ ஈஸ் ஆஸ்கிங், அப்புறம் நான் யார் சட்டையைத் துவைப்பேன்னு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பில் ஊறி ஊறி மெலிந்த தோல். 

கடைசி ஆட்டத்தன்று மருமகனும் மகளும்கூட வந்தார்கள். இரண்டுக்கு இரண்டு. நேரம் முடியப் போகிறது. லாண்டரி மாமி ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன் என்று என் தோளில் முகத்தை வைத்து மூடிக்கொண்டார். எதிராளி ஒருவன் ஓங்கி உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டு, கோலியின் முதுகில் பட்டு, அவர் குதிகாலுக்குப் பின்னால், கோல் கோட்டைத் தொட ஒரு சாண் இருக்க விழுந்தது. அவர் பந்து எங்கே என்று முன்னால் தேடுகிறார். எதிராளி ஓடி வருகிறான். பந்து எங்கே என்று தெரிந்தவள் வலைக்குப் பின்னால் நான் ஒருத்திதான்.

"காக்கா!"

கூடாரம் அந்தச் சத்தத்தை வாங்கிச் சுற்றிச் சுற்றி அடித்தது. கோலி வெடுக்கென்று திரும்பினார், பந்தைக் கண்டார், அதன் மேல் குப்புற விழுந்தார். எதிராளி அவர் மேல் விழுந்தான். விசில்.

ஆரவாரம் வரும் என்று பார்த்தால் முதலில் வந்தது சிரிப்பு. ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் புரண்டார்கள். பந்தைக் கட்டிக்கொண்டு கிடந்த கோலியின் முதுகும் குலுங்கியது. லாண்டரி மாமி கண்ணீர் வழிய என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி ஆடினார்.

"உம்மம்மா! டூ யூ நோ வாட் யூ ஜஸ்ட் செட்?" பேத்திக்கு மூச்சு வாங்கியது. மகள் காதில் எதையோ சொன்னாள். மகள் என் காதில் சொன்னாள். அவர்கள் பாஷையில் காக்கா என்றால் சின்னப் பிள்ளைகள் கக்கூஸ் போவது.

இட்லிக்கு அடியில் ஒரு குழி இருந்திருந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் ஒருத்தரும் இறங்க விடவில்லை. ஆரஞ்சுச் சட்டை ஒன்றைக் கோட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டு, "காக்கா! காக்கா!" என்று தாளம் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்கள். சுற்றுகிற கதவில் மாமியும் மாமியும் ஒரே கட்டத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினோம். கிளப் லீக்கில் இருக்கிறது. அந்தச் சட்டையை இப்போது லாண்டரி மாமி மற்றவற்றோடு சேர்த்துத் துவைத்துத் தருகிறார்.

வெயில் வந்ததும் கூடாரத்தின் காற்றைப் பிடுங்கினார்கள். இட்லி அமுங்கி, மைதானம் திரும்பி வந்தது. ஒரு ஞாயிறு காலை ஜன்னலில் நின்று காக்காவுக்குப் போன் போட்டேன். ஊரில் அப்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரம்.

"ஏளா, சக்கர எப்படி இருக்கு?"

"சக்கர இல்ல காக்கா, சாக்கர். பந்து." ஆதியோடந்தம் சொன்னேன். வாழ்நாளில் அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.  

"அப்ப இந்தத் தடவை ஆளு திரும்பிப் பந்தப் புடிச்சிட்டான்" என்றார்.

"இந்தத் தடவையா?"

"அன்னைக்கு நீ கத்துனது எனக்குக் கேட்டுச்சுளா. திரும்புனேன். உன் மாடிக்குப் பின்னால சூரியன். நேரா கண்ணுல அடிச்சிட்டு."

கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். "ஊரே சிரிச்சிச்சே காக்கா. சூரியன் சூரியன்னு இத்தனை வருஷமா... திரும்பிப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எதுக்குத் திரும்புனேன்னு கேப்பாங்க. உம்மா மாடிக் கதவப் பூட்டிருப்பா. அப்புறம் நீ எங்கேர்ந்துளா ஆட்டம் பாப்ப?"

  கீழே ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் ஓட ஆரம்பித்திருந்தார்கள். கோலி தலையைத் தூக்கி என் ஜன்னலைப் பார்த்தார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"காக்காஆஆ!"

"யாருளா அது," என்றார் காக்கா போனில், "அமெரிக்காவுல என்னைக் கூப்பிடுறது?"

நான் ஜன்னலை முழுதாகத் திறந்து, போனை வெளியே நீட்டினேன்.